மேசையின் நடுக்கம்

கிளிநொச்சியில், கண்டி வீதியை அண்டிய அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர் நான். கலைப் பட்டதாரியாகிய நான் ஒளியியல் பற்றிப் பேசத் துணிந்தமைக்கு என் மாணவரே காரணர்.

பொருளிலிருந்து வரும் ஒளியலைகளையே பதித்து, அதன் முப்பரிமாண உருவை மீட்கும் வழியை 1947இல் டெனிஸ் கேபர் கண்டார். அப்பதிவே ஹொலோகிராம். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பவல், ஸ்டெட்சன் என்னும் இருவர், அதிரும் பொருளின் ஹொலோகிராமில் தோன்றும் கருவரிகள் அதிர்வின் அளவைக் கூறும் என நிறுவினர். ஒரே தகட்டில் ஒரு பொருளை இருமுறை பதித்து, இடையே அதனைச் சிறிது அழுத்தினாலும் அத்தகைய வரிகள் எழும். டயருக்குள் மறைந்திருக்கும் பிளவையும் இம்முறை காட்டிக்கொடுக்கும்.

பழைய மாணவர் ஒருவர் எமக்கு ஆறு தகடுகள் அனுப்பியிருந்தார். முதல் நான்கிலும் உருவம் எதுவும் விழவில்லை. லேசர் பழுது என்றனர் சிலர். இது எம்மால் இயலாது என்றனர் வேறு சிலர். ஒரு மாணவி மட்டும், "தகட்டைத் தொடாமல் முதலில் மேசையைச் சோதிப்போம், சேர்" என்றாள்.

லேசர்க் கதிரை இரண்டாகப் பிரித்து, இரு ஆடிகளில் தெறிக்கச் செய்து, மீண்டும் ஒன்றுசேர்த்து, வில்லையால் விரித்துச் சுவரில் வீழ்த்தினர். ஒளியும் இருளுமாய் வரிகள் தோன்றின. வீதியில் லொறி சென்றதும் அவை துடித்து மறைந்தன. அது அதிர்வின் குற்றம். மணல் நிரப்பிய பெட்டியை, அளவாகக் காற்றடைத்த ரியூப்களின் மேல் வைத்ததும் துடிப்பு அடங்கியது. பின்னரும் வரிகள் மெல்ல நகர்ந்தன. மின்விசிறியை நிறுத்தி, மேசையை மூடி, அரைமணி நேரம் எவரும் அருகே செல்லாதிருந்ததும் அவை நிலைத்தன.

எனினும் வரிகள் இடையிடையே மங்கித் தெளிந்தன. இது லேசரின் குற்றம். சூடேறும் வரை அதன் அலைநீளம் தாவுகிறது. முன்கூட்டியே அதனை எரியவிட்டு, நிலையான மின்வழங்கலும் கொடுத்தனர்; இரு கதிர்களின் பாதைகளையும் சம நீளமாக்கினர்.

பதியும் வேளையில் ஒளிப்பாதை அலைநீளத்தின் பத்திலொரு பங்குக்கு மேல் மாறலாகாது. செந்நிற லேசருக்கு அது ஏறத்தாழ 65 நனோமீற்றர். தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்களவு.

ஞாயிறு அதிகாலை, வீதி உறங்கிய வேளையில், ஐந்தாம் தகட்டில் தகரப் பேணி ஒன்றின் உருவம் விழுந்தது. எஞ்சிய ஒரே தகட்டில் அதனை இருமுறை பதித்தனர். இரண்டாம் முறை அதன் மூடிமேல் ஒரு நாணயம் இருந்தது. மூடியில் வளைந்த கருவரிகள் தெளிவாகத் தெரிந்தன. மேசையின் நடுக்கத்தை ஒழித்த பின்னரே மூடியின் வளைவு எமக்குப் புலப்பட்டது.

நேயர்களே, 2009 வரையான போரில் இடம்பெயர்ந்து, மரநிழலிலும் கூடாரத்திலும் பயின்ற பிள்ளைகளைப் பார்த்து "படிப்பு ஏறாது" என்று கூறியவர்களுள் நானும் ஒருவன். அவர்கள் இருந்த மேசை ஆடியதை அன்று நான் பார்க்கவில்லை. இன்று அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்கு செல்ல அந்த மாணவி விரும்புகிறாள். அவளுக்கு ஆடாத மேசையொன்றை அமைத்துக் கொடுப்பது எம் கடன்.