பயிற்றுநரை நிறுத்தியபோது பிள்ளைகளைக் கேட்டோமா?

(நூற்றாண்டு நிறைவையொட்டிக் கனகராயன்குளத்தில் நடைபெற்ற வன்னிவாழ் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதினோம். எங்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் தாதி, ஒருவர் கமம் செய்பவர், ஒருவர் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர். நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச இன்று பலர் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே, எங்கள் ஊர்ப்பக்கத்தில், எங்கள் கண்முன்னே நடந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். அதில் நாங்களும் பிழை விட்டோம் என்பதால்தான் பேசுகிறோம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்து இந்த ஊர்களிலிருந்து விடுதிக்குப் போனவர்கள் நாங்கள். 1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கி, புளியங்குளமும் கனகராயன்குளமும் போர்முனையான பிறகு, விடுமுறைக்கு வீடு திரும்ப வழியில்லாமல் இருந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து கடிதம் வராத அந்த மாதங்களில் எங்களைப் பிடித்து நிறுத்தியது படிப்பு மட்டுமல்ல. பின்னேரம் நாலு மணிக்கு நெற்போல் கோட்டில் விசில் ஊதிய ரீச்சரும்தான். "அழுகிறதெண்டால் ஓடிக்கொண்டு அழுங்கோ" என்பார். ஓடினோம். ஒரு பெண்பிள்ளைக்கு விளையாட்டுப் பழக்குபவர் எத்தனை பெரிய துணை என்பதை நாங்கள் அங்கேதான் அறிந்தோம்.

இனி விடயத்துக்கு வருகிறோம். இந்தப் பக்கத்துக் கலவன் பாடசாலை ஒன்றிலே (எங்கள் கல்லூரி அல்ல, பெயர் தேவையில்லை) பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்க ஓர் இளம் பெண் வந்துகொண்டிருந்தார். அவர் அரச நியமனம் பெற்றவர் அல்லர். வெளிநாட்டிலுள்ள அப்பாடசாலையின் பழைய மாணவர்கள் அனுப்பும் பணத்தில் நாட்கூலி போல ஒரு தொகை பெற்றார். கோட்டத்தையே தாண்டாத அணி, அவர் வந்த பிறகு வலயத்தில் வென்று மாகாணப் போட்டி வரை போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவரிடம், "இனி வரத் தேவையில்லை" என்று சொல்லப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை.

காரணம் சொல்லாத இடத்தில் ஊர் காரணம் கண்டுபிடிக்கும். சங்கக்கடையிலும் கோயில் வீதியிலும் பஸ் நிறுத்தத்திலும் அதே கதைதான். ஒரு பகுதியினர், "மாகாணம் மட்டும் கொண்டுபோன பிள்ளை, பொறாமையிலை நிப்பாட்டிப் போட்டினம்" என்றார்கள். மறுபகுதியினர், "பொம்பிளைப் பிள்ளையளை இருட்டினாப் பிறகு விடுறது என்ன பழக்கம்? நிப்பாட்டினது சரி" என்றார்கள். அந்தப் பயத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். உள்வீதிகளில் விளக்கு இல்லை. யானை வரும். ஆறரைக்குப் பயிற்சி முடிந்து சயிக்கிளில் வரும் மகளுக்காகப் படலையில் நிற்கும் தாயின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பிறகு பணம் பேசத் தொடங்கியது. அவரைத் திரும்ப எடுக்காவிட்டால் காசு இல்லை என்று ஒரு நாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தால் காசு இல்லை என்று இன்னொரு நாட்டிலிருந்து வந்தது. எங்கள் ஐந்து பேரிலும் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். ஒரு கலியாண வீட்டில் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல் சாப்பிட்டு வந்தோம். இந்த வயதுக்கு அது அழகா?

ஆறு கிழமை போன பிறகுதான் எங்களில் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்தது. அணியில் விளையாடிய பிள்ளைகளை யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஏழு பிள்ளைகளை வீட்டுத் திண்ணையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கேட்டோம். முதலில் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை சொன்னாள்: "மிஸ் பிந்தி விடுறது மிஸ்ஸிலை பிழை இல்லை. கிரவுண்ட் எங்களுக்கு அஞ்சு மணிக்குப் பிறகுதான் தருவினம்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. இருப்பது ஒரே மைதானம். பாடசாலை விட்டதிலிருந்து ஐந்து மணி வரை ஐந்து நாளும் அது ஆண்பிள்ளைகளின் துடுப்பாட்டத்துக்கு. பெண்பிள்ளைகளின் மலசலகூடம் பாடசாலை விட்டதும் பூட்டப்படும். திறப்பு யாரிடம் என்று தெரியாது. தண்ணீர் குடித்தால் போக இடமில்லை என்று பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே ஓடியிருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள் மூன்று மணிக்கு மைதானம் வேண்டும், மலசலகூடத் திறப்பு வேண்டும் என்று அந்தப் பயிற்றுநர் மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்றாம் முறை கேட்டது ஒரு பெற்றோர் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும். அடுத்த கிழமை அவர் நிறுத்தப்பட்டார்.

ஊர் அவர்மேல் வைத்த குற்றம், பிள்ளைகளைப் பிந்தி விடுகிறார் என்பது. அந்தப் பிந்துதலை நிறுத்தத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை நாங்கள் கனடாவிலுள்ள ஒரு வகுப்புத் தோழியிடம் சொன்னோம். அவர் சட்டம் படித்தவர். "இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது" என்று சொல்லி வாசிக்கத் தந்தார்.

அலபாமா மாநிலத்தில் பேர்மிங்காம் என்றொரு நகரம். அங்கே என்ஸ்லி உயர்பாடசாலையில் ரொடரிக் ஜாக்சன் என்ற உடற்கல்வி ஆசிரியர் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். தன் அணிக்குப் பணத்திலும் கருவிகளிலும் இடவசதியிலும் சமபங்கு இல்லை என்று கண்டார். ஆண்பிள்ளைகளுக்குப் புதிய உள்ளரங்கு, பெண்பிள்ளைகளுக்குக் குளிருக்குச் சூடேற்றும் வசதியில்லாத பழையது, வளைந்த வளையங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஆண்பிள்ளைகள் பஸ்ஸில், பெண்பிள்ளைகள் கிடைத்த கார்களில். இப்படியெல்லாம் அவர் 2000 டிசம்பரில் முறையிடத் தொடங்கினார். அதன்பின் அவரைப் பற்றிய மதிப்பீடுகள் மோசமாக எழுதப்பட்டன. 2001 மே மாதம் பயிற்றுநர் பொறுப்பு பறிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1972 இல் வந்த ஒரு சட்டம், அரசின் நிதி பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிறது. அது வருமுன் அந்நாட்டு உயர்பாடசாலைகளில் விளையாடிய பெண்பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்துக்கு மேல். ஆனால் பேர்மிங்காமில் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் பெண்பிள்ளைகள், தண்டனை பெற்றவர் ஓர் ஆண். அவருக்கு அந்தச் சட்டம் உதவுமா என்பதே கேள்வி. கீழ் நீதிமன்றங்கள் உதவாது என்றன. 2005 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற பெரும்பான்மையில் உதவும் என்றது. தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசர் சான்ட்ரா டே ஓ'கானர். முறையிடுபவரைத் தண்டிக்கலாம் என்றால் ஒருவரும் முறையிட மாட்டார்கள், பிறகு சட்டம் இருந்தும் பயனில்லை என்பது அதன் சாரம். பிள்ளைகளுக்காக முதலில் வாய்திறக்கக் கூடியவர் பெரும்பாலும் ஆசிரியரும் பயிற்றுநருமே என்றும் தீர்ப்பு சுட்டியது. 2006 இல் அந்நகரக் கல்விச் சபை ஜாக்சனுடன் இணக்கத்துக்கு வந்தது.

இதை வாசித்த அன்று, அவரை ஆதரித்த எங்கள் மூன்று பேருக்கும் கொஞ்சம் பெருமைதான். அப்போது மற்ற இருவரில் ஒருவர், தாதியாக இருப்பவர், ஒன்று கேட்டார்: "அந்தத் திண்ணையிலை பிள்ளையள் வேறொண்டு சொல்லியிருந்தால்?"

நியாயமான கேள்வி. 2011 நவம்பர் 9 அன்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஜோ பட்டர்னோ என்ற புகழ்பெற்ற பயிற்றுநரை நீக்கியது. 46 ஆண்டுகள் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர். அன்றிரவே ஆயிரக்கணக்கான மாணவர்கள் அவருக்காக வீதியில் இறங்கி, ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வாகனத்தையும் கவிழ்த்தார்கள். அவர் நீக்கப்பட்டது எதற்காக? அவருக்குக் கீழே பல காலம் வேலை செய்த ஒருவர் சிறுவர்களைப் பாலியல் துன்புறுத்தல் செய்தார் என்ற முறைப்பாடு அவரிடம் வந்தபோது, மேலதிகாரிகளுக்குச் சொன்னதோடு நின்றுவிட்டார் என்பதற்காக. பட்டர்னோமேல் வழக்கு வரவில்லை. ஆனால் அந்த உதவியாளர் 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டார். வெற்றி தந்த பயிற்றுநருக்காக ஊரே திரண்ட அந்த இரவில், பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? தூரம் போகத் தேவையில்லை. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்றுநர் சிறுமிகள் தொடர்பான புகாரில் கைதான பிறகுதான், பல ஆண்டுகள் வாய்திறக்காதிருந்த மற்றப் பெண்களும் பேச முன்வந்தார்கள்.

ஆகவே நாங்கள் கண்டது இதுதான். "பயிற்றுநர் நல்லவர், விடாதீர்கள்" என்பதும் பிள்ளையைக் காப்பாற்றாது, "நிறுத்தியது சரி, பேசாதீர்கள்" என்பதும் காப்பாற்றாது. இரண்டும் பிள்ளைகளைக் கேளாமல் சொல்லப்படுபவை. காரணத்தை மூடி வைத்தால் நல்லவர் அவதூறோடு போவார். கெட்டவர் அடுத்த பாடசாலைக்கு நற்சான்றோடு போவார்.

அரச ஆசிரியர் ஒருவரை நீக்க வேண்டுமானால் குற்றப்பத்திரம், விளக்கம், விசாரணை என்று ஒரு வழி இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வைக்கும் பயிற்றுநருக்கு அது எதுவும் இல்லை. அவரை வைப்பதும் எங்கள் பணம், எடுப்பதும் எங்கள் பணம். நமது சங்கமும் கல்லூரியில் இப்படிப் பயிற்றுநர்களுக்குக் கொடுப்பனவு வழங்குகிறது. எனவே இந்த நூற்றாண்டு விழாவில் சங்கத்திடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் பணத்தில் வரும் ஒவ்வொரு பயிற்றுநருக்கும் எழுத்தில் நியமனம் இருக்க வேண்டும். நிறுத்தினால் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். பதில் சொல்ல அவருக்கு நாள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கு இரண்டு முறை, பாடசாலையில் வேலை செய்யாத, பிள்ளைகள் நம்பக்கூடிய ஒரு பழைய மாணவி விளையாட்டுப் பிள்ளைகளோடு இருந்து பேச வேண்டும். ஆசிரியரோ பயிற்றுநரோ அருகில் இருக்கக் கூடாது. மைதானம், மலசலகூடம், வீடு போகும் வழி எல்லாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையொன்று துன்புறுத்தல் என்று ஒரு சொல் சொன்னால் அதைச் சங்கத்துக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கல்லூரியின் பெயர் கெடும் என்று தயங்கினால் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

நான்காவது, வெளிநாட்டிலிருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும். உங்கள் பணத்தில்தான் பந்தும் சப்பாத்தும் வந்தன, நன்றி மறவோம். ஆனால் ஒரு பிணக்கு வரும்போது "காசு நிறுத்துவோம்" என்று சொல்லாதீர்கள். "பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் இங்கே பதில் தேட வேண்டிவரும்.

அந்தப் பயிற்றுநர் திரும்ப வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். இரண்டு பேர் தூற்றியதற்கு, மூன்று பேர் விசாரியாமல் வாதாடி அவர் பெயரைச் சந்திக்கு இழுத்ததற்கு. அவர் தேத்தண்ணி தந்தார். வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதிபரைச் சந்தித்துப் பேசியதில் பெண்பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு மைதானம் கிடைத்திருக்கிறது. மலசலகூடத் திறப்பு இப்போது அணித்தலைவியிடம் இருக்கிறது. அணியிலிருந்த நாலு பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டார்கள்.

புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் சிங்கப்பூரில் இலங்கைக்கு ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்று தந்த அணியில் விளையாடியபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். இந்தப் பக்கத்திலும் உயரமான பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு மைதானம் திறந்திருக்கும். பழக்குவதற்குத்தான் இன்னும் ஆள் இல்லை. இங்கே இருப்பவர்களில் ஒரு காலத்தில் விசில் பிடித்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் தாருங்கள். நியமனக் கடிதம் எழுத்தில் தருவோம்.