பேரக் குழந்தைக்கு மனச்சோர்வு மாத்திரை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

நான் டாக்டர் இல்லை, பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் அங்கத்தினர்கள் சிலர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "பேத்திக்கு மனச்சோர்வு என்று மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதுவே தற்கொலை எண்ணத்தைத் தூண்டுமாமே, நிறுத்திவிடலாமா?"

செய்தி பொய்யல்ல. 2004-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு, 4,400-க்கு மேற்பட்ட சிறார்கள் பங்கேற்ற 24 சோதனைகளைச் சேர்த்துப் பரிசீலித்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ, மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேரிடமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேரிடமும் தென்பட்டது. உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் யாரும் படிப்பதில்லை! கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது இதனால்தான்.

அதே 2004-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 12 முதல் 17 வயது வரையான 439 பேரைப் பற்றியது. 12 வாரங்களில் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினர். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு மட்டும் 43, வெற்று மாத்திரைக்கு 35. ஆகவே மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பினால் போதாது. பேச்சுச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள்.

எச்சரிக்கையின் பொருள், மாத்திரையை வீசி எறி என்பதல்ல; பக்கத்தில் இருந்து கவனி என்பதே. முக்கியமாக முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும். குணம் தெரிய நாலைந்து வாரம் ஆகலாம். அதற்கு முன்பே தூக்கமின்மை, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரக்கூடும். நம்முடைய தூக்க மாத்திரை, பி.பி. மாத்திரைகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டுவது நல்லது.

இன்னொன்று, பெரியவர்களாகிய நம்மால்தான் ஆகவேண்டியது. குடும்பத்தில் யாருக்காவது சில மாதம் அளவற்ற உற்சாகம், சில மாதம் முடங்கிக் கிடப்பது என்று இருந்ததா? அப்படிப்பட்ட வம்சத்துக் குழந்தைக்கு இந்த மாத்திரை சில சமயம் மிதமிஞ்சிய வெறியைக் கிளப்பிவிடும். டாக்டர் அதை அறிந்தே மருந்து எழுதவேண்டும். "அவர் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொல்லி, வரன் பார்க்கும்போது மறைத்ததை டாக்டரிடமுமா மறைப்பது? குழந்தையின் அப்பா அம்மாவுக்கே அந்தக் கதை தெரிந்திராது. நமக்குத் தெரியும்.

அவசரமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச சேவை. இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.