வாரத்தில் ஒரு நாள் மாத்திரை



ஹைதராபாத் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் மருந்து ஆலைகள் நிறைய. அங்கே மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பதுக்குள். காலையில் எழுந்தால் விரல்கள் வெகுநேரம் மடங்குவதில்லை. முடக்குவாதம் என்று சொல்லி, டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதித் தருகிறார். வெளியே கூட்டம் காத்திருக்கிறது. அவளுக்கு உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமில்லை.

அந்த மருந்து நமக்கு அந்நியமில்லை. பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழு உருவாக்கியது அது. முதலில் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1988-இல். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியதும் அவருடைய குழுவே.

நல்ல மருந்து. ஆனால் முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தவறிப்போய்த் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. ரத்தமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் கூடவே கூடாது. குழந்தை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். ஆக, இந்த ஆண்டு குழந்தையா, வேலையா என்ற அவளுடைய எண்ணம் மருந்துத் தேர்வையே மாற்றிவிடும். அதை அவளிடம் முதலில் கேட்க வேண்டாமா?

அதற்கு ஒரு வழி உண்டு. கனடாவில் லிண்டா லீ என்ற ஆய்வாளரின் குழு, மெத்தோட்ரெக்சேட் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் நோயாளிகள் முடிவெடுக்க உதவும் 'ஆன்ஸர்' என்ற இணையக் கருவியை உருவாக்கியது. நோயாளிகளையே உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொல்லி, அவர்கள் தடுமாறிய இடங்களைக் கவனித்துத் திருத்தினார்கள். எனக்கு இந்த வேலைமுறைதான் பெரிதாகப் படுகிறது.

நம் ஊருக்கு அப்படிச் செய்தால், வீங்கிய விரல் தொட ஏற்ற பெரிய பொத்தான்கள் வேண்டும். தெலுங்கு, இந்தி, தமிழ், உருது எதிலும் வாசித்துக் காட்டும் குரல் வேண்டும். 'ஆபத்து இரட்டிப்பாகும்' என்று மட்டும் சொன்னால் யாரும் பயந்துபோவார்கள். அதே விஷயத்தை 'ஆயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும்' என்று சொல்லி, ஆயிரம் மனித உருவங்களில் இரண்டை மட்டும் சிவப்பாக்கிக் காட்டினால் புரியும். மருந்தே எடுக்காவிட்டால் மூட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் அதே போலக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, பணம். இத்தகைய கருவிகளுக்கு 'இப்டாஸ்' என்ற சர்வதேசக் குழு வகுத்த அளவுகோல்களில், செலவு யாருடையது என்பதைப் பயனாளிக்குத் தெரிவிப்பதும் அடங்கும். மருந்து செய்யும் ஊரில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மருந்துக் கம்பெனி பணம் போட்டிருந்தால் முதல் திரையிலேயே அதைச் சொல்லட்டும்.

கருவி டாக்டருக்கு மாற்று அல்ல. கடைசித் திரையில் அவளுடைய கேள்விகள் மூன்று, நான்கு, அவள் சொன்னபடியே பதிவாகியிருந்தால் போதும். அடுத்த முறை டாக்டரின் அறைக்குள் போனதும் போனை நீட்டி, "டாக்டர், அடுத்த வருஷம் குழந்தை வேணும்னு இருக்கோம். இந்த மாத்திரை சரிப்படுமா?" என்று கேட்டுவிடுவாள்.