பெட்ரோலுக்கும் வயதாகும்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, ஏதாவது ஆன்மிகத் தலைப்பாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் பெட்ரோலைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் சற்றே யோசித்தார். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் 36 வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்றாலும், அடிப்படையில் நான் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. அந்தப் படிப்பு இந்த வயதில் உபயோகப்படுவதற்குக் கிடைத்த விஷயம் இது.

நம்மில் பலருடைய வீட்டு நிலைமை ஒரே மாதிரிதான். குழந்தைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் நாம் இருவர். கீழே பேஸ்மென்ட்டில் ஒரு கார். தினமும் எடுப்பதில்லை. "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்திருக்கிறோம். அந்த அவசரம் வரும்போது கார் கிளம்புமா என்பதுதான் கேள்வி. எங்கள் காலனியில் ஒரு தம்பதி ஆறு மாதம் பெண் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய வாரமே, ராத்திரி ஒரு மணிக்கு மாமிக்கு மூச்சுத் திணறல். கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தன் வண்டியில் அழைத்துப் போனதால் பகவான் கிருபையில் எல்லாம் நல்லபடி முடிந்தது. எல்லாக் காலனியிலும் எல்லா ராத்திரியிலும் அப்படி ஒரு பையன் கிடைப்பான் என்று சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் என் கவனம் முதலில் திரும்பியது அமெரிக்காவில். என் மாப்பிள்ளை சிகாகோ பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் இருப்பது செவ்ரலே வோல்ட் என்ற வண்டி. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2019-இல் உற்பத்தி நின்றுபோனது. இதைப் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்கிறார்கள். இரவில் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்தால், 2016-க்குப் பின் வந்த மாடல் சுமார் 85 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும். அதற்கு மேல் போனால்தான் பெட்ரோல் என்ஜின் வேலை செய்யும். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் போய்வர 40 கிலோமீட்டர்தான். "மாமா, எட்டு மாசமா பெட்ரோல் பங்க் பக்கமே போகலை" என்று பெருமையாகச் சொன்னார். நான் கேட்டேன்: "சரி, அந்த எட்டு மாசத்துப் பெட்ரோல் என்ன ஆச்சு?"

அவர் வண்டியின் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். வண்டியைச் செய்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் பெட்ரோல் ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. நாலு கார்பன் அணுவிலிருந்து சுமார் பன்னிரண்டு கார்பன் அணு வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. இதில் லேசானவை சீக்கிரம் ஆவியாகும். குளிர்ந்த என்ஜின் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்ள உதவுபவை இவைதான். நாள்பட நாள்பட இவை பறந்துபோனால் மிச்சம் இருப்பது கனமான பெட்ரோல். அது எரியும், ஆனால் பற்றவைப்பது சிரமம். இது முதல் கேடு.

இரண்டாவது கேடு மாமிகளுக்கு நன்றாகத் தெரிந்தது. நல்லெண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் வைத்து மறந்துவிட்டால் காறல் வாடை வருகிறதல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு, எண்ணெயிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குவதால் வருவது அது. பெட்ரோலிலும் ஒலிஃபின்கள் என்ற இரட்டைப் பிணைப்புச் சேர்மங்கள் உண்டு. அவை பிராணவாயுவோடு சேர்ந்து முதலில் பெராக்ஸைடுகளாகி, பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறும். இன்ஜெக்டரின் துளையோ தலைமுடி அளவு. அங்கே பிசின் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தார் இதைத் தடுக்க ஆக்ஸிகரண எதிர்ப்பு மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்குப் பரீட்சையும் உண்டு. பெட்ரோலை மூடிய உருளையில், அழுத்தமான பிராணவாயுவோடு, 100 டிகிரி செல்ஸியஸில் வைத்து, எத்தனை நிமிஷம் தாக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்கத் தரப்படி குறைந்தது 240 நிமிஷம், ஐரோப்பியத் தரப்படி 360 நிமிஷம். ஆனால் அந்த மருந்தும் செலவாகிக்கொண்டே வரும். தீர்ந்த பிறகு பிசின் வேகமாக உண்டாகும்.

இங்கே நம் ஊர் வெயில் நுழைகிறது. ரசாயன வினைகளின் வேகம் 10 டிகிரி உயர்ந்தால் சுமார் இரண்டு மடங்காகும் என்பது கல்லூரியில் படித்த பாடம். 20 டிகிரியில் ஆறு மாதம் தாங்குவது 30 டிகிரியில் மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். மே மாத நாக்பூரில் 45 டிகிரி வெயிலில் தெருவோரம் நிற்கும் காருக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நிழலில் நிறுத்துவது பெயின்ட்டுக்கு மட்டுமல்ல, பெட்ரோலுக்கும் நல்லது.

மூன்றாவது, எத்தனால். நம் நாட்டில் 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தோடு தொடங்கியது, 2022-இல் 10 சதவீதத்தை எட்டி, 2025-இல் 20 சதவீதம் ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவு வரை நீர் அதில் கரைந்தே இருக்கும். அளவு மீறினாலோ, குளிரில் தாங்கும் சக்தி குறைந்தாலோ, நீரும் ஆல்கஹாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆனால் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே 15 டிகிரியில் சுமார் அரை சதவீதம் நீரைத் தாங்கும். 40 லிட்டருக்கு 200 மில்லி. 20 சதவீதம் என்றால் இன்னும் கூடவே தாங்கும். மூடிய டாங்கிற்குள் காற்றின் ஈரம் மட்டுமே அவ்வளவு சேர்வது எளிதல்ல. மழைநீர் புகுவது, மூடியின் ரப்பர் வாஷர் கெட்டிருப்பது இவைதான் ஆபத்து. மூடியைக் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை திருகுங்கள். 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகள் இந்தக் கலவைக்கு ஏற்ற பொருள்களால் ஆனவை. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மாப்பிள்ளையின் வண்டிக்கு வருவோம். சாதாரணக் காரில் டாங்கிலிருந்து வரும் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது அந்த ஆவி எரிந்து டப்பா காலியாகும். பிளக்-இன் வண்டியில் என்ஜினே ஓடாதபோது டப்பா எப்படிக் காலியாகும்? அதனால் வோல்ட் வண்டியில் அழுத்தம் தாங்கும்படி இறுக மூடிய டாங்க் வைத்தார்கள். பெட்ரோல் போடுமுன் ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். லேசான பகுதி வெளியேற வழியில்லாததால் அதில் பெட்ரோல் நெடுநாள் நன்றாக இருக்கும்.

அதோடு நிற்கவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர், டாங்கிலுள்ள பெட்ரோலின் சராசரி வயதைக் கணக்குப் பார்க்கிறது. ஒரு வருஷத்தைத் தாண்டினால், சார்ஜ் இருந்தாலும் என்ஜினை ஓட்டிப் பழைய பெட்ரோலைச் செலவழிக்கிறது. என்ஜின் சுமார் ஆறு வாரம் ஓடாமல் இருந்தால், எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்வரச் சில நிமிஷங்கள் அதை ஓட்டுகிறது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் வண்டியில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் குறிப்பிட்ட அளவு புதுப் பெட்ரோல் போடாவிட்டால் என்ஜின் தானே ஓட ஆரம்பிக்கும். டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் கையேடு, 12 மாதத்துக்கு ஒருமுறையாவது 20 லிட்டர் போடச் சொல்கிறது.

சராசரி வயது என்பது எளிய கணக்குதான். டாங்கில் எட்டு மாத வயதுள்ள 10 லிட்டர் இருக்கிறது, புதிதாக 30 லிட்டர் போடுகிறோம். எண்பதை நாற்பதால் வகுத்தால் சராசரி வயது இரண்டு மாதம். மாறாக, 30 லிட்டர் பழையது, 10 லிட்டர் புதியது என்றால் சராசரி ஆறு மாதம். உண்டான பிசின் மறைந்துவிடாது, நீர்த்துப்போகும், அவ்வளவே. ஆகவே அரிதாக பெட்ரோல் எரிப்பவர்கள் டாங்கை நிரப்பக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு போட்டால் போதும். மாப்பிள்ளைக்கும் இதையே சொன்னேன். இன்னொன்று: அமெரிக்காவில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெட்ரோலின் ஆவியாகும் தன்மையை மாற்றி விற்கிறார்கள். ஆகஸ்டில் போட்டதை ஜனவரிப் பனியில் பற்றவைப்பது கடினம். உங்கள் பிள்ளைகள் குளிர்ப் பிரதேசத்தில் இருந்தால், நவம்பர் கடைசியில் புதிதாகக் கொஞ்சம் போடச் சொல்லுங்கள்.

"நம் ஊரில் இந்த வண்டி எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இங்கே சில விலையுயர்ந்த வண்டிகளே அப்படி வருகின்றன. இப்போது பரவலாக விற்கும் ஹைபிரிட் வண்டிகளில் பிளக் கிடையாது. தினசரி ஓட்டத்திலேயே பெட்ரோல் எரியும், கவலையில்லை. ஆனால் டில்லி, மும்பை, புணே, ஆமதாபாத் அங்கத்தினர்கள் பலரிடம் சி.என்.ஜி. கார் உண்டு. அதிலும் இதே பிரச்சினைதான். ஓடுவது காஸில், பெட்ரோல் டாங்கில் மாதக்கணக்கில் கிடக்கும். சில வண்டிகள் காஸிலேயே நேராகக் கிளம்புவதால், காலையில் செலவாகும் கொஞ்சமும் செலவாவதில்லை. என்றாவது ராத்திரி காஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாறும்போதுதான் என்ஜின் இருமும். மாதம் ஒருமுறை 20, 30 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவுக்கு ஆறு மாதம் கிளம்புகிறவர்கள் "திரும்பி வந்ததும் வேணுமே" என்று டாங்கை நிரப்பிவிட்டுப் போவது நல்ல எண்ணந்தான். அந்நாள் இரும்பு டாங்கில் துரு பிடிக்காமல் இருக்க அது உதவியது. இன்றைய டாங்குகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கால் டாங்க் விட்டுவிட்டுப் போய், வந்ததும் முக்கால் டாங்க் புதிதாகப் போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். பெட்ரோல் கெடாதிருக்கச் சேர்க்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவை புதுப் பெட்ரோலைக் காக்கும். கெட்டதைத் திருப்பிப் புதிதாக்கா. போட்ட பின் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும்.

இன்னொரு உண்மை. நின்ற கார் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பெட்ரோல் அல்ல, பேட்டரி. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தமோ, மங்கிய விளக்கோ என்றால் பேட்டரி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை, பற்றினாலும் குலுங்குகிறது, பெயின்ட் கடை மாதிரிப் புளித்த வாடை வருகிறது என்றால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். அப்போது திரும்பத் திரும்ப முயலாமல் மெக்கானிக்கை வைத்து டாங்கைக் காலி செய்யுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். நுரையீரலில் போனால் உயிருக்கே ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் உண்டு. அதனால் பயனில்லை. பேட்டரி போதுமான அளவு சார்ஜ் ஆகாது. சூடேறாத என்ஜினில் நீர்த்துளிகள் தங்கும். அரை மணி நேரம் தெருவில் ஓட்ட வேண்டும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது.

வீட்டில் கேனில் பெட்ரோல் வாங்கி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் இறுக மூடிய கலத்தில். கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. இந்த லைசென்ஸ்களைக் கவனிக்கும் பெஸோவின் தலைமை அலுவலகம் நம் நாக்பூரில்தான் இருக்கிறது. சட்டம் அனுமதித்தாலும், சுவாமி விளக்கு எரியும் ஃபிளாட்டில் பெட்ரோல் வைப்பது விவேகமல்ல.

கடைசியாக ஒரு யோசனை. மாதம் இரண்டு தடவை காரை எடுக்க வேண்டும் என்றால் நமக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் பிரதோஷம் யாருக்கும் மறப்பதில்லை. அதுவும் மாதம் இரண்டு தடவைதான் வருகிறது. அன்று சாயங்காலம் பக்கத்துக் கோயிலுக்கு நடந்து போகாமல், சற்றுத் தூரத்துக் கோயிலுக்குக் காரில் போய்வாருங்கள். ஓட்ட முடியாதவர்கள் காலனியில் நம்பிக்கையான ஓர் இளைஞரிடம் சாவியைக் கொடுத்து, தாங்களும் கூட உட்காருங்கள். வண்டியில் யாருடைய மருந்துச் சீட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

உபயோகமில்லாமல் வைத்திருந்தால் கெட்டுப்போவது பெட்ரோல் மட்டுமல்ல, ரிடையரான அதிகாரியும்தான் என்று என் மனைவி சொல்வாள்.