நயினார் என்னும் பட்டப்பெயரும் குடிவழி ஆராய்ச்சியும்

(விழாப் பேரவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்ச் சமண இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் பெயரை அடுத்து ‘நயினார்’ என்னும் சொல் நிற்கும். பெயரனுடைய பள்ளிச் சான்றிதழிலோ தந்தை பெயரின் தலைப்பெழுத்து ஒன்றே நிற்கும். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை நீக்குமாறு தீர்மானித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாடெங்கும் பட்டப்பெயர்கள் குறைந்தன. நயினார் என்பதும் அவ்வாறே குறைந்தது. பட்டம் நீங்கியதில் குறையொன்றும் இல்லை. அதனோடு சேர்ந்து ஊரும் உறவும் முன்னோர் பெயரும் மறந்துபோவதே கவலைக்குரியது. தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறும். ஆகவே இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட தொடர்பை அது காட்டாது.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். நயினார் என்பது தலைவன், ஆண்டவன் என்று பொருள்படும் மதிப்புச் சொல். தமிழ்ச் சமணர் முதலியார், உடையார், செட்டியார் ஆகிய பட்டங்களோடு இதனையும் வழங்கினர். ஆயினும் இச்சொல் சமணர்க்கே உரியதன்று. பரமக்குடிக்கு அருகில் நயினார்கோவில் என்னும் சிவத்தலம் உளது. சித்திரைப் பௌர்ணமியில் சித்திரகுப்தரை எண்ணி நோற்பதற்கு நயினார் நோன்பு என்று பெயர். தமிழ் முஸ்லிம்களிடையிலும் இப்பெயர் வழங்குகின்றது. எனவே ஒரு பழைய பத்திரத்தில் நயினார் என்று கண்டவுடன், ‘இவர் நம் முன்னோர்’ என்று முடிவு கட்டுதல் தவறு. பெயரோடு ஊர், வழிபட்ட கோயில், கொண்டு கொடுத்த குடும்பங்கள் ஆகிய மூன்றும் ஒத்துவருதல் வேண்டும்.

எழுத்து வேறுபாட்டையும் கருத வேண்டும். நயினார், நைனார், நயனார், நாயனார் என்று ஒரே குடும்பத்தின் ஆவணங்களிலேயே பலவாறு காணப்படலாம். நீலகேசியைப் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பெயரும் நூல்களில் நயினார் என்றும் நாயனார் என்றும் காணப்படுகின்றது. ஒரு வடிவத்தை மட்டும் தேடுவோர் பாதிச் செய்தியை இழப்பர்.

இப்பட்டத்தோடு தொடர்புடைய துயர வரலாறு ஒன்றும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட தலைவன் ஒருவன் சமணரைத் துன்புறுத்தினான் என்றும், உயிருக்கு அஞ்சிப் பலர் நீறு பூசிச் சைவராயினர் என்றும், தாயனூர் உடையார் ஒருவர் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து பின்னர் மீண்டு வந்து அறத்தை நிலைநிறுத்தினார் என்றும் செவிவழிச் செய்தி கூறுகின்றது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு இதனைப் பதிவு செய்துள்ளது. சைவம் தழுவியோர்க்கு நீறுபூசி நயினார், நீறுபூசி வேளாளர் என்னும் பெயர்கள் வழங்கின. ஆகவே குடிவழியைத் தேடுவோர், தம் குடியின் ஒரு கிளை இன்று வேறு சமயத்தில் இருப்பதைக் காணக்கூடும். அவர்களையும் உறவினர் என்று எண்ணிக் குறித்துக்கொள்வதே முறை. அதனால் எவர்க்கும் இழுக்கில்லை.

இனித் தேடும் முறை. முதற்படி முதியோர். சுவடியும் பத்திரமும் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டியார் நினைவு காத்திராது. அவர் பிறந்த ஊர், அவருடைய தாயார் பிறந்த ஊர், குடும்பத்தார் வழிபட்ட ஜினாலயம், எவர் எப்போது ஊரைவிட்டுப் பெயர்ந்தார் என்பனவற்றைக் கேட்டு எழுத வேண்டும். பட்டப்பெயர் ஆண்களைத் தொடர்ந்தே வந்தது. பெண்கள் பெயரில் ‘அம்மாள்’ என்பதே நின்றது. அதனால் பெண்வழி எளிதில் மறைந்துவிடுகின்றது. பழைய திருமண அழைப்பிதழ்கள் இக்குறையை ஓரளவு போக்கும்.

இரண்டாம் படி ஆவணங்கள். பழைய கிரயப் பத்திரங்கள் விற்றவர், வாங்கியவர் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், நிலத்தின் நான்கெல்லை ஆகியவற்றையும் கூறும். நான்கெல்லையில் பங்காளிகள் பெயர் வருவதும் உண்டு. குடும்பத்திற்கோ கோயிலுக்கோ மானிய நிலம் இருந்திருப்பின், 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஜினாலயத்துப் படிமங்களின் பீடம், மணி, விளக்கு ஆகியவற்றிலும் அளித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி ஓலைச்சுவடிகள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமண இல்லத்தார் அவர்க்குப் பொருள் விளக்கி உதவினர். அத்தகைய இல்லங்களில் இருந்த சுவடிகளின் இறுதி ஏட்டில் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியன காணப்படும். ஆண்டைக் கணிக்கும்போது விழிப்பு வேண்டும். தாது ஆண்டு என்று இருந்தால் அது 1816ஆகவும் இருக்கலாம், பெரும் பஞ்சம் நிகழ்ந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். உடன் கூறப்பட்ட கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும். அறுபது ஆண்டுகளின் பிழை இரண்டு பாட்டனார்களை ஒருவராக்கிவிடும்.

கிடைத்த செய்திகளை எழுதும்போது சியாத்வாதம் கைகொடுக்கும். ஆவணத்தில் கண்டது, முதியோர் சொன்னது, ஊகித்தது என மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். முன்னோரை அரசர் வழியினராக்கும் ஆசை எழுதுவோர்க்கு எளிதில் வரும். உழுதுண்டு, பொழுது சாயுமுன் உணவை முடித்து, ஊர்க் கோயிலுக்கு விளக்கு வைத்து வாழ்ந்தவர்களை உள்ளவாறு எழுதுவதே சத்திய விரதத்திற்கு இசைந்தது.

இவ்விழாவிற்கு வந்துள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் இன்று வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டில் ஆண்வழி நான்கு தலைமுறை, பெண்வழி நான்கு தலைமுறை எழுதுவார்களாக. தெரியாத இடத்தைக் காலியாக விடுவார்களாக. அடுத்த மணவிழாவில் சந்திக்கும் உறவினர் எவரேனும் அவ்விடத்தை நிரப்புவர். பரணில் ஓலைக்கட்டு இருப்பின் அதனை ஆற்றில் விடாமலும் பழைய பொருள்களோடு விற்றுவிடாமலும் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவார்களாக. எழுதியதன் படி ஒன்றை ஊர் ஜினாலயத்தில் சேர்த்து வைத்தால், வெளியூரில் வளரும் பெயரர் என்றேனும் தேடி வரும்போது அது அவர்க்குக் கிடைக்கும்.

அருகன் திருவடி வாழ்க! அறம் ஓங்குக!