பரிசுக் கோப்பை இல்லாத முகாம்

(கோடை முகாமின் நிறைவு நாளில், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எம் பிள்ளைக்கு என்ன பரிசு டீச்சர்?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். பரிசு யாருக்கும் இல்லை. கோப்பை இல்லை, பதக்கம் இல்லை, முதலிடம், இரண்டாமிடம் என்று யாரையும் மேடைக்கு அழைக்கப் போவதும் இல்லை. பணம் இல்லாததால் அப்படிச் செய்தோம் என்று சிலர் நினைக்கிறீர்கள். பணம் குறைவுதான், அது உண்மை. ஆனால் பணம் இருந்திருந்தாலும் கோப்பை வாங்கியிருக்க மாட்டோம். அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்திருக்கிறீர்கள் அல்லவா!

நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றியவள். விளையாட்டு விழா எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் "நீங்களே அணி பிரிச்சுக்கோங்க" என்று விட்டால், ஐந்தே நிமிடத்தில் ஊர்த்தெரு ஓர் அணி, காலனி ஓர் அணி, மேலத்தெரு ஓர் அணி என்று நின்றுவிடுவார்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன்பிறகு பந்தயத்தில் ஒருவன் தோற்றால், தோற்றது அவன் மட்டுமில்லை, அவன் தெரு. ஜெயித்தவன் கையில் இருப்பது கோப்பை மட்டுமில்லை, அவன் தெருவின் மீசை. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அடிதடி. மறுநாள் கையில் புதுக் கயிறு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் படிக்கும் ஒரு தலித் மாணவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, விரலில் போடும் மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம் ஆகியவற்றைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் கயிற்றை அறுத்த பிறகு அந்தக் கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? இந்த முகாம் அந்தக் கேள்விக்கு எங்களால் முடிந்த சிறு விடை.

1954இல் அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் ஒரு கோடை முகாம் நடந்தது. நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியல் அறிஞர். வந்தவர்கள் 22 சிறுவர்கள், எல்லோருக்கும் 11 வயதையொட்டி. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார்கள். ஒரு குழு தனக்குக் கழுகுகள் என்று பெயர் வைத்துக்கொண்டது, இன்னொரு குழு பாம்பின் பெயரை வைத்துக்கொண்டது. பிறகு போட்டி வைத்தார்கள். ஜெயிக்கும் குழுவுக்குக் கோப்பை, பதக்கம், ஆளுக்கொரு மடக்குக் கத்தி. தோற்கும் குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள்களுக்குள் ஒரு குழு மற்றதன் கொடியைக் கொளுத்தியது. ஒருவர் தங்கும் இடத்தை மற்றவர் சூறையாடினார்கள். ஒரே இடத்தில் சாப்பிட மறுத்தார்கள்.

அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். இரு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்துப் படம் காட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள். பகை குறையவில்லை, சாப்பாட்டை எடுத்து வீசிக்கொண்டார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராமல் செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை. சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. சிறுவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். அது வேறு கயிறு இல்லை, சில நாள் முன்பு இரு குழுவும் எதிரெதிரே நின்று வடம் இழுத்த அதே கயிறு! இப்படி அடுத்தடுத்து வேலைகள் வரவரத்தான் பகை தணிந்தது.

இந்த ஆய்வின் மீது விமர்சனம் உண்டு. பெரியவர்களே பகையைத் தூண்டிவிட்டார்கள் என்கிறார்கள். நான் கேட்கிறேன், நம் ஊரில் மட்டும் என்ன, பிள்ளைகள் தாமாகவா கயிறு கட்டினார்கள்?

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்த 22 பேரும் ஒரே நிலையில் இருந்தவர்கள். எல்லோரும் வெள்ளையர், ஏறத்தாழ ஒரே வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். நம் திடலில் நிற்கும் பிள்ளைகள் அப்படி இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று ஊர் எழுதி வைத்திருக்கிறது. அதனால் வெறுமனே கலந்து விளையாட விட்டால் போதாது. மேல் கீழ் என்ற அந்த எழுத்தை முதலில் அழிக்க வேண்டும். அழிக்க மூன்று இடங்களில் கை வைத்தோம்: சாப்பாடு, வேலை, அழைக்கும் முறை.

முதலில் சாப்பாடு. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்தில் பந்தி பிரிப்பது நமக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலம் நூறு ஆண்டுக்கு முந்தைய கதை. வ.வே.சு. அய்யர் நடத்திய அந்தக் குருகுலத்துக்குக் காங்கிரஸ் பொதுப்பணம் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924, 25ஆம் ஆண்டுகளில் அதை எதிர்த்துக் காங்கிரசுக்கு உள்ளேயே நின்று சண்டை போட்டவர்கள் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும். இரண்டு பிள்ளைகள் தனியே சாப்பிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று அன்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளிச் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள்.

இங்கே ஐந்து நாளில் 15 வேளை சாப்பாடு. சமைத்தவர் காலனியைச் சேர்ந்தவர். "யார் சமைக்கிறாங்க?" என்று முகாமுக்கு முன்பே சிலர் விசாரித்தார்கள். மறைக்கவில்லை, பெயரைச் சொன்னோம். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. "சொல்லாம இருந்திருந்தா அந்த ரெண்டு பிள்ளைகளும் வந்திருக்குமே அக்கா" என்று தோழர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான், அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் ஒளித்து வைத்து ஊட்டினால், தெரியவரும் நாளில் அந்த வீட்டில் அவமானப்படப் போவது சமைத்தவர்தான். சுதந்திர நாளில் கோவிலில் நடக்கும் சமபந்தி விருந்தில் ஒருவேளை உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிது. 15 வேளையும் வரிசையில் நின்று, ஒரே பாத்திரத்திலிருந்து வாங்கி, பக்கத்தில் இருப்பவன் தட்டிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கித் தின்பது வேறு. உங்கள் பிள்ளைகள் அதைச் செய்தார்கள்.

இரண்டாவது வேலை. எட்டெட்டுப் பேராகச் சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தோம். காய் நறுக்க ஒரு குழு, பரிமாற ஒரு குழு, பாத்திரம் கழுவ ஒரு குழு, கூட்ட ஒரு குழு, கழிப்பறை கழுவ ஒரு குழு. தினமும் முறை மாறியது. அரசுப் பள்ளிகளில் கழிப்பறை கழுவ ஆசிரியர் கண் யார்மீது போகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். முதல் நாள் வாளியைத் தொட மறுத்த பையன்கள் இருந்தார்கள். ஆண் பிள்ளை, அதிலும் அந்தத் தெரு ஆண் பிள்ளை! நாங்கள் திட்டவில்லை, நானும் தோழர்களும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். மூன்றாம் நாள் அந்தப் பையன்களே பினாயில் போதவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள்.

மூன்றாவது அழைக்கும் முறை. பத்து வயதுப் பொடியன் அறுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி, "ஏலே, இங்க வா" என்று கூப்பிடும் ஊர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெரியவர் பொடியனைப் பதிலுக்கு "அய்யா" என்பார். முகாமில் மூத்தவர் எல்லோரும் அண்ணன், அக்கா, மாமா, அத்தை. சமைத்தவரைப் பிள்ளைகள் அத்தை என்றார்கள். ஒரு பெற்றோர் என்னைத் தனியே அழைத்து, "அக்கான்னு கூப்பிடட்டும் டீச்சர், அத்தைன்னு எதுக்கு?" என்றார். சரியான இடத்தில் கை வைத்தார்! அத்தை என்றால் அவர் பிள்ளை நமக்கு முறை ஆகிவிடும் அல்லவா? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்த கட்டுரை, தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்றது. ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு தகப்பன் அத்தை என்ற ஒரு சொல்லுக்குப் பதறுகிறார் என்றால், அம்பேத்கர் சொன்னது எவ்வளவு சரி!

இனி விளையாட்டுக்கு வருகிறேன். கிளித்தட்டு ஆடினோம், கொலை கொலையா முந்திரிக்கா ஆடினோம், பச்சைக்குதிரை தாண்டினோம். ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் உண்டு, அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகச் சீட்டுப் போட்டோம். இப்போது எதிரே நின்று மறித்தவன் அடுத்த ஆட்டத்தில் என் அணி. புள்ளிக் கணக்கைப் பலகையில் எழுதவில்லை. பறை பழகியபோது எல்லோர் கையிலும் குச்சி இருந்தது. ஒருவர் அடி தவறினால் எல்லோரும் நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். தவறியவரைத் தள்ளி வைக்கவில்லை.

இதற்கு வலுவான எதிர்ப்பு ஒன்று வந்தது. சொன்னவர் காலனியிலிருந்து பிள்ளையை அனுப்பிய ஒரு தந்தை. "டீச்சர், எம் பொண்ணு நல்லா ஓடுவா. அவ ஜெயிச்சு மேடை ஏறி, ஊரே கை தட்டுறத ஒரு தடவ பாக்கணும்னு ஆச. அதையும் இல்லேன்னு சொல்லிட்டீங்களே" என்றார். இந்தப் பேச்சை நான் லேசாகத் தள்ளவில்லை. மேலே இருப்பவர் போட்டி வேண்டாம் என்பதும், ஒருமுறைகூட மேடை ஏற விடப்படாதவரிடம் மேடை வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. அவர் மகள் ஓடட்டும். மாவட்டப் போட்டிக்குப் போகட்டும், பயிற்சிக்கு வேண்டிய உதவியைத் தோழர்கள் செய்வார்கள். தேர்வு எழுதி அதிகாரி ஆகட்டும். வெளியே போட்டி இருக்கும்வரை நம் பிள்ளைகள் போட்டியிடத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். போட்டி எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது என்ற பொய்யைத்தான் "தகுதி, திறமை" என்ற பெயரில் நம் தலையில் கட்டுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்குத் தகுதி இல்லை என்று நீட் சொன்னது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். "நீ தோற்றதற்குக் காரணம் நீதான்" என்று ஒரு பிள்ளையை நம்ப வைப்பது எளிது, எட்டு வயதிலேயே தொடங்கினால் மிக எளிது. நம் பிள்ளைகள் போட்டிக்குப் போகும் முன், தோற்றாலும் குறையாத ஒரு மதிப்பு தமக்கு உண்டு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆண்டில் 360 நாள் அவர்களை அளக்கிறார்கள். ஐந்து நாள் அளக்காமல் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். முகாமில் சமமாக இருப்பது எளிது, இங்கே ஊர் இல்லை. நாளைக்குப் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குப் போவார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் நடத்திய சிறுவர் விழாக்களில் ஒரு நல்ல முறை உண்டு. வெளியிலிருந்து வரும் பிள்ளை, உள்ளூர்ப் பிள்ளையின் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கும், அங்கேயே சாப்பிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு. அதை நாம் இங்கே செய்வோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள், உங்கள் பிள்ளை வேறு தெருவைச் சேர்ந்த முகாம் தோழர் ஒருவரை வீட்டுக்கு அழைக்கட்டும். திண்ணையில் இல்லை, வீட்டுக்குள். தனித் தம்ளரில் இல்லை, வீட்டுத் தம்ளரில். அடுத்த வாரம் உங்கள் பிள்ளை அந்த வீட்டில் போய்ச் சாப்பிடட்டும்.

பிள்ளைகளிடம் நேற்றே கேட்டுவிட்டோம். யாரை அழைப்பது என்று அவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் வாசலில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.