மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க
(கிண்டியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. நம் மாணவர் பலர் வீட்டில் அதுதான் முதல் கணினி. மின்கலம் போய்விட்டால், புதியதன் விலையைக் கேட்டதுமே பெற்றோர் கணினியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே கையில் கொடுக்கும்போதே பராமரிப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். சார்ஜ் முழுக்கத் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. இதற்கு அது கெடுதல். 20-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருப்பதே நல்லது. திரை வெளிச்சத்தைக் குறைத்தால் அடிக்கடி ஏற்றவும் வேண்டியிராது.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி வெப்பம். சூடு ஏறினால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும், கொள்ளளவு குறையும், குறைந்தது திரும்பாது. மெத்தைமேல் வைத்தால் காற்றுத்துளை அடைபடும். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வெயிலில் நிறுத்துவதோ (நம்மில் எத்தனை பேர்!) அதைவிட மோசம்.

கோடை விடுமுறைக்கு பீரோவில் பூட்டுமுன் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாக ஏற்றியும் வேண்டாம், வற்றவிட்டும் வேண்டாம்.

மின்கலம் உப்பி டச்பேட் மேலெழும்பினால் உடனே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். குத்திப் பார்க்கவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியிலும் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.